அலியை உசிக் ஜெயிப்பாரா? உத்திரமேரூர் கல்வெட்டு சொல்லும் பதில்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை. சாயங்காலம் ஆறு மணி. அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவருக்கு வயது 32. ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர். இன்னொருவர் அவருடைய பெரியப்பா. வயது 65. ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர்.

இளையவர் கையில் செல்போன். அதில் உக்ரைன் குத்துச்சண்டை வீரர் ஓலெக்சாண்டர் உசிக், டேனியல் டுபுவாவை வீழ்த்தும் வீடியோ ஓடுகிறது.

"பெரியப்பா, இந்த ஆளு அந்தக் காலத்துல இருந்திருந்தா முகமது அலியே தோத்திருப்பாரு."

"டேய், அலிய நேர்ல பாத்தவன்டா நானு. மெட்ராஸ்ல, நேரு ஸ்டேடியத்துல. உன் ஆளு அவர் கிட்டயே நெருங்க முடியாது."

"அப்ப டயட் ஏது, ஜிம் ஏது, கோச்சிங் ஏது?"

"அப்ப பதினஞ்சு ரவுண்டுடா. இப்ப பன்னெண்டோட முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுறானுங்க."

டீ ஆறிவிடும். இந்த வாக்குவாதம் ஆறாது. கோலியா பும்ராவா, சச்சினா கோலியா என்று கிரிக்கெட்டில் நடப்பதும் இதுதான். ஆனால் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. இரண்டு பேர், ஒரு வளையம், நான்கு முஷ்டி. டீம் இல்லை, பிட்ச் இல்லை, டாஸ் இல்லை. அதனால் யார் பெரிய ஆள் என்பதை நேராகச் சொல்லிவிடலாம் என்று தோன்றும்.

உண்மையில் அப்படிச் சொல்ல முடியுமா? இந்த இருவரில் யார் பக்கம் நியாயம்?

ஒரே பிறந்தநாள், ஒரே வயது, வேறு முடிவு

ஒரு சின்ன ஒற்றுமையில் இருந்து தொடங்கலாம். முகமது அலி பிறந்தது 1942 ஜனவரி 17. உசிக் பிறந்தது 1987 ஜனவரி 17. சரியாக 45 ஆண்டு இடைவெளி.

இருவருடைய உயரமும் ஏறக்குறைய 191 செ.மீ. இரு கைகளையும் விரித்தால் இந்த முனையில் இருந்து அந்த முனைக்கு இருவருக்கும் சுமார் 198 செ.மீ. ஒலிம்பிக் தங்கமும் இருவரிடம் உண்டு. அலி 1960-ல் ரோமில் வென்றார். உசிக் 2012-ல் லண்டனில். ஒப்பிட இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைப்பது கஷ்டம்.

இப்போது இருவரின் 38-வது வயதைப் பாருங்கள்.

அலிக்கு 38 நடந்தது 1980-ல். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அவர் சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். பெரியப்பா போன்றவர்கள் பார்த்தது அந்த அலியைத்தான். அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸுடன் மோதினார். ஹோம்ஸ் யார் என்றால், ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சிக்காக எதிரில் நின்று அடி வாங்கியவர். பத்து ரவுண்டுக்கு மேல் அலியை அனுப்ப முடியாது என்று அவருடைய மூலையில் இருந்தவர்களே சண்டையை நிறுத்தினார்கள்.

உசிக்குக்கு 38 நடந்தது 2025-ல். அந்த ஜூலை 19-ம் தேதி லண்டன் வெம்ப்ளியில் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தி, ஹெவிவெயிட்டின் நான்கு பட்டங்களையும் மீண்டும் ஒரே கையில் சேர்த்தார்.

38-க்கு 38 என்று வைத்துப் பார்த்தால், தம்பி சொன்னதுதான் சரி. பேச்சே வேண்டாம். ஆனால் இது நியாயமான ஒப்பீடா?

ஹோம்ஸ் சண்டைக்கு முன்பே அலி 59 தொழில்முறைச் சண்டைகளை முடித்திருந்தார். ஜோ ஃப்ரேசியருடன் மூன்று, கென் நார்ட்டனுடன் மூன்று, ஜார்ஜ் ஃபோர்மேனுடன் ஒன்று என எல்லாம் அதில் அடக்கம். உசிக்குக்கு டுபுவா சண்டை 24-வதுதான். அமெச்சூர் களத்தில் அவர் 300-க்கும் மேற்பட்ட சண்டைகள் போட்டவர் என்றாலும், அங்கே மூன்று நான்கு ரவுண்டில் முடிந்துவிடும். உடம்பு வாங்கும் அடியின் கணக்கு வேறு.

ஆக, "அலியா, உசிக்கா?" என்று கேட்டால் முதல் எதிர்க்கேள்வி: எந்த அலி? கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த 1966-ன் அலியா? ராணுவத்தில் சேர மறுத்ததால் மூன்றரை ஆண்டு வளையத்துக்குள் விடப்படாமல், அதன் பிறகு திரும்பி வந்து 1974-ல் கின்ஷாசாவில் ஃபோர்மேனை வீழ்த்திய அலியா? 1980-ல் சென்னைக்கு வந்த அலியா? பெயர் ஒன்றுதான். ஆள் மூன்று.

பெரியப்பாவும் தம்பியும்: கல்வெட்டு யாரைத் தேர்ந்தெடுக்கும்?

அடுத்த எதிர்க்கேள்வி: யாருடைய விதிப்படி? இதற்கு உத்திரமேரூரை விட்டு எங்கும் போக வேண்டாம். ஊர் நடுவில் இருக்கிற வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனால் போதும்.

அந்த மண்டபச் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பாடப் புத்தகம் அதோடு நின்றுவிடும். அங்கே இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன என்பது பலருக்கும் நினைவிருக்காது. முதலாவது, முதலாம் பராந்தக சோழனின் 12-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, சுமார் கி.பி. 919. இரண்டாவது அவருடைய 14-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, சுமார் 921.

முதல் கல்வெட்டின்படி, வேட்பாளருக்கு வயது 30-க்கு மேல், 60-க்குள் இருக்க வேண்டும். இரண்டே ஆண்டில் அது மாறுகிறது. இரண்டாவது கல்வெட்டு சொல்வது 35-க்கு மேல், 70-க்குள்.

இப்போது டீக்கடைக்குத் திரும்புவோம். 919-ல் என்றால் 32 வயதுத் தம்பியின் பெயர் குடத்துக்குள் போகும். 65 வயதுப் பெரியப்பாவின் பெயர் போகாது. 921-ல் என்றால் பெரியப்பா உள்ளே, தம்பி வெளியே. ஆட்கள் அதே ஆட்கள். ஊர் அதே ஊர். விதி மாறியது, தகுதியானவர் மாறிவிட்டார்.

குத்துச்சண்டையிலும் இதேதான் நடந்திருக்கிறது. அதுவும் இரண்டு பெரிய விஷயங்களில்: எடை, ரவுண்டு.

எடை: அந்தக் கால ஹெவிவெயிட் இன்று ஹெவிவெயிட்டே இல்லை

ராக்கி மார்சியானோ. 49 சண்டை, 49 வெற்றி. ஒரு தோல்விகூட இல்லாமல் 1956-ல் ஓய்வு பெற்ற ஹெவிவெயிட் சாம்பியன். எல்லாக் காலத்துக்குமான பட்டியல்களில் முன்வரிசையில் இருக்கும் பெயர். அவர் 1952-ல் பட்டம் வென்றபோது எடை சுமார் 84 கிலோ. உயரம் 180 செ.மீ.கூட இல்லை.

ஜோ லூயிஸ் இன்னொரு சிகரம். 1937 முதல் 1949 வரை, கிட்டத்தட்ட 12 ஆண்டு சாம்பியன். 25 முறை பட்டத்தைக் காப்பாற்றியவர். 1941-ல் பில்லி கானுடன் மோதியபோது அவர் எடை சுமார் 90.5 கிலோ.

இன்று 90.7 கிலோ வரை உள்ளவர்களுக்கு க்ரூசர்வெயிட் என்று தனிப் பிரிவே இருக்கிறது. 1979-80 வாக்கில்தான் அது உருவானது. அதாவது இன்றைய விதிப்படி மார்சியானோவும் சரி, 1941-ன் லூயிஸும் சரி, ஹெவிவெயிட் வளையத்துக்குள் வரவேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் க்ரூசர்வெயிட்.

உசிக் 2018-ல் அந்த க்ரூசர்வெயிட்டில்தான் எல்லாப் பட்டங்களையும் வென்றார். அதன் பிறகே உடம்பை ஏற்றிக்கொண்டு ஹெவிவெயிட்டுக்கு வந்தார். 2024 மே மாதம் டைசன் ஃப்யூரியுடன் மோதியபோது அவர் எடை சுமார் 101 கிலோ. எதிரில் நின்ற ஃப்யூரி 206 செ.மீ. உயரம், கிட்டத்தட்ட 119 கிலோ. 17, 18 கிலோ குறைவான உசிக்தான் ஜெயித்தார்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, எடை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. "இன்றைய ஆட்கள் மலை மாதிரி இருக்கிறார்கள், பழைய ஆட்கள் பறந்துவிடுவார்கள்" என்ற வாதம் அவ்வளவு வலுவானதல்ல. உசிக்கே அதற்குச் சாட்சி. இரண்டு, 84 கிலோ மார்சியானோவை 101 கிலோ உசிக் எதிரில் நிறுத்தி, "பார், தோத்துட்டார்" என்று சொன்னால், அதனால் நமக்குத் தெரியவருவது எடைக் கருவி காட்டும் எண் மட்டும்தான்.

ரவுண்டு: 13-வது ரவுண்டு இல்லாத உலகம்

பெரியப்பாவின் பதினைந்து ரவுண்டு வாதத்துக்கு வருவோம். இது வெறும் பழம்பெருமை இல்லை. வரலாற்றையே மாற்றக்கூடிய விஷயம்.

1941 ஜூன் 18, நியூயார்க். லூயிஸை எதிர்த்த பில்லி கான், அவரைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை குறைந்தவர். ஆனால் கால் வேகம் அபாரம். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று ஸ்கோர் கார்டுகளில் இரண்டில் கான் முன்னிலை, ஒன்றில் சமம். 13-வது ரவுண்டில் லூயிஸையே வீழ்த்திப் பார்ப்போம் என்று நெருங்கினார். ரவுண்டு முடிய இரண்டு விநாடி இருக்கும்போது தரையில் கிடந்தார்.

1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட் முதல் ரவுண்டிலேயே மார்சியானோவைக் கீழே தள்ளினார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று கார்டுகளிலும் வால்காட்தான் முன்னிலை. 13-வது ரவுண்டில் மார்சியானோவின் வலது கை இறங்கியது. பட்டம் கை மாறியது.

இன்றைய 12 ரவுண்டு விதியை அங்கே வைத்துப் பாருங்கள். லூயிஸ் 1941-லேயே பட்டத்தை இழந்திருப்பார். மார்சியானோ அன்று சாம்பியன் ஆகியிருக்கவே மாட்டார். 49-க்கு 49 என்ற கணக்கும் இருந்திருக்காது. நியாயமாகச் சொன்னால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 12 ரவுண்டுதான் என்று தெரிந்திருந்தால் அவர்கள் சண்டை போட்ட விதமே வேறாக இருந்திருக்கும். விதிக்கு ஏற்பத்தான் வீரன் மூச்சைச் செலவழிக்கிறான்.

சரி, 15 ஏன் 12 ஆனது? 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் மோதிய தென் கொரியாவின் டுக்கூ கிம், 14-வது ரவுண்டில் விழுந்தார். சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகு ஓர் அமைப்பு ரவுண்டுகளைக் குறைத்தது. 1980-களின் முடிவுக்குள் மற்ற அமைப்புகளும் வழிக்கு வந்தன. ஆகவே "பன்னெண்டோட வீட்டுக்குப் போயிடுறானுங்க" என்பதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாற்றமே வந்தது.

பழைய ஆட்கள் அடிக்கடி சண்டை போட்டார்கள் என்பதும் உண்மைதான். 1941 என்ற ஒரே ஆண்டில் லூயிஸ் ஏழு முறை பட்டத்தைக் காப்பாற்றினார். உசிக் 2021 செப்டம்பரில் இருந்து 2025 ஜூலை வரை போட்டதே ஆறு சண்டை. லூயிஸுக்கு ஓய்வு இல்லை. உசிக்குக்கு ஒவ்வொரு எதிரிக்கும் மாதக்கணக்கில் தயாராக நேரம் உண்டு. இதில் யார் உடம்பு எந்த நாளில் சிறப்பாக இருக்கும் என்று எப்படி எடைபோடுவது?

கம்ப்யூட்டர் சொன்ன இரண்டு தீர்ப்பு

"ஏஐ-கிட்ட கேட்டா சொல்லிடும்" என்று தம்பி சொல்லலாம். இந்த யோசனைக்கும் ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

1960-களின் பின்பகுதியில் முர்ரே வொரோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர், எல்லாக் கால ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களையும் கம்ப்யூட்டரில் கொடுத்து, கற்பனைப் போட்டி ஒன்றை ஒலிபரப்பினார். அதில் அலி, பழைய சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக வந்தது. அலி கொதித்துப்போய் வழக்குப் போட்டார். கடைசியில் சமரசம். அதன் தொடர்ச்சியாக, தடையில் இருந்த அலியும், ஓய்வு பெற்று பல ஆண்டுகள் ஆன மார்சியானோவும் 1969-ல் கேமரா முன் நின்று ஒரு சண்டையை நடித்தார்கள். எப்படி முடியும் என்பது இருவருக்கும் சொல்லப்படவில்லை. பல முடிவுகள் படமாக்கப்பட்டன. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார்.

1970 ஜனவரி 20 அன்று படம் தியேட்டர்களில் வந்தது. அமெரிக்க ரசிகர்கள் பார்த்தது, 13-வது ரவுண்டில் மார்சியானோ அலியை வீழ்த்துவதை. ஐரோப்பாவில் சில இடங்களில் காட்டப்பட்ட பிரதியில் அலி ஜெயித்தார்.

கேள்வி கேட்டவர் என்ன விவரம் கொடுத்தார், யாருக்குக் காட்டப் போகிறார் என்பதைப் பொறுத்து பதில் மாறியது. இன்றைய வீடியோ கேமும் ஏஐ-யும் இதில் பெரிய வித்தியாசம் காட்டிவிடாது. எந்த வயது, எந்த எடை, எத்தனை ரவுண்டு என்று சொல்லாமல் கேட்டால், அதுவும் ஏதோ ஒரு மனிதரின் அனுமானத்தைத்தான் திருப்பிச் சொல்லும்.

கடிகாரம் இருந்தாலும் தீராத கணக்கு

ஓட்டப் பந்தயத்தில் இந்தச் சிக்கல் இல்லையே, கடிகாரம் சொல்லிவிடுமே என்று கேட்கலாம். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடி, நூறில் ஒரு விநாடி வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டார். 39 ஆண்டு கழித்து, 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசியப் போட்டியில் கோவையின் வித்யா ராம்ராஜ் ஓடிய நேரமும் அதே 55.42.

ஒரு எண்கூட மாறவில்லை. அப்படியானால் இருவரும் சமமா? உஷா காலத்துக் காலணி வேறு, பயிற்சி வசதி வேறு, வெளிநாட்டுப் போட்டி அனுபவம் வேறு. உஷாவுக்கு முன்னால் எட்டிப் பிடிக்க இப்படி ஓர் இந்திய எண் இல்லை, வித்யாவுக்கு இருந்தது. கடிகாரம் நேரத்தைச் சொன்னது. அதற்கு மேல் சொல்லவில்லை.

செஸ்ஸில் இன்னும் வசதி. ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்த்தலும் எழுத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆன குகேஷின் நகர்த்தல்களையும், விஸ்வநாதன் ஆனந்தின் நகர்த்தல்களையும் ஒரே இன்ஜினில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் குகேஷ் வளர்ந்ததே அந்த இன்ஜின்களோடுதான். அதோடு ஆனந்த் போட்டுக்கொடுத்த பாதை வேறு. பின்னால் வருபவன் கையில் முன்னால் போனவனின் நோட்டுப் புத்தகம் எப்போதும் இருக்கும். உசிக்கால் அலியின் சண்டைகளை யூடியூபில் நூறு முறை பார்க்க முடியும். அலியால் உசிக்கைப் பார்க்க முடியாது.

அப்போ, தீர்ப்பு என்ன?

"எல்லாம் சரி, யார் ஜெயிப்பார்னு சொல்லுங்க" என்று கேட்பவர்களை நழுவவிட முடியாது. விதியைச் சொல்லிவிட்டுத் தீர்ப்பைச் சொல்லலாம்.

உசிக் – மார்சியானோ: 2024-ன் உசிக் என்றால் உசிக். ஆனால் அது சண்டையே இல்லை. இரண்டு வேறு எடைப் பிரிவு.

உசிக் – லூயிஸ்: 2018-ன் க்ரூசர்வெயிட் உசிக்கையும் 1941-ன் லூயிஸையும் நிறுத்தினால் எடை சமம். லூயிஸை வேகமான கால்கள் எப்படித் திணறடிக்கும் என்பதை கான் காட்டிவிட்டார். 12 ரவுண்டு என்றால் புள்ளிக் கணக்கில் உசிக். 15 ரவுண்டு என்றால், கடைசி மூன்று ரவுண்டில் லூயிஸ் பிடித்துவிட வாய்ப்பு அதிகம்.

உசிக் – அலி: இதுதான் சரியான சண்டை. உசிக் இடதுகைப் பாணிக்காரர். அலிக்கு அந்தப் பாணி பழக்கமில்லாத ஒன்று. 1966 செப்டம்பரில் ஃப்ராங்ஃபர்ட்டில் கார்ல் மில்டன்பெர்கர் என்ற இடதுகைக்காரர் அவரை 12-வது ரவுண்டு வரை இழுத்தடித்தார். மில்டன்பெர்கரைவிட உசிக் பல படி மேல். இருந்தாலும் அந்த ஆண்டின் அலிக்கு இருந்த வேகம், அந்த உயரத்தில் வேறு யாரிடமும் பார்க்காத ஒன்று. நூலிழையில் அலி என்று சொல்லலாம். 1975-ன் அலி என்றால், 12 ரவுண்டில் உசிக். 1980-ன் அலி அந்த வளையத்துக்குள்ளேயே போயிருக்கக் கூடாது.

ஆக, பெரியப்பாவும் சரி, தம்பியும் சரி. இருவரும் வேறு வேறு அலியைப் பற்றி, வேறு வேறு விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இதைவிட நியாயமான கேள்வி ஒன்று உண்டு: தன் காலத்தில், தன் விதிக்குள், தன் முன்னால் நின்றவர்களைவிட இவர் எவ்வளவு உயரத்தில் நின்றார்? அதற்கு மூவருமே நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். லூயிஸ் 25 முறை பட்டத்தைக் காத்தார். அலி மூன்று முறை பட்டம் வென்றார். லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மேன் என்று தன் காலத்தின் ஒவ்வொரு பயங்கரத்தையும் சந்தித்தார். உசிக் இரண்டு எடைப் பிரிவிலும் எல்லாப் பட்டங்களையும் சேர்த்தார். இதில் ஒருவரை உயர்த்த இன்னொருவரைக் கீழே தள்ள வேண்டிய அவசியம் இல்லை.

"அந்தக் காலத்து ஆளு மாதிரி அடி வாங்கி நிக்கணும்"

இது டீக்கடைப் பேச்சோடு போகட்டும் என்று விட்டுவிட முடியாது. ஒப்பீடு பயிற்சிக் களத்துக்குள் நுழையும்போது ஆபத்தாகிறது. "எங்க காலத்துல ரத்தம் வந்தாலும் நிப்போம்", "மயக்கம் வந்தா தண்ணி தெளிச்சுக்கிட்டு அடுத்த ரவுண்டு" போன்ற பேச்சுகளைக் கேட்டு வளரும் பிள்ளைகள், நிறுத்தச் சொல்வதை அவமானம் என்று நினைப்பார்கள்.

1980-ல் ஹோம்ஸிடம் அத்தனை அடி வாங்கிய அலி, அடுத்த ஆண்டு டிசம்பரில் மீண்டும் வளையம் ஏறினார். ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்றார். 1984-ல் அவருக்கு பார்கின்சன் அறிகுறிகள் இருப்பது வெளியே தெரிந்தது. 2016 ஜூன் 3-ம் தேதி இறக்கும் வரை மூன்று பதிற்றாண்டுக்கு மேல் அந்த நோயோடு வாழ்ந்தார். தலையில் வாங்கிய அடிகளுக்கும் அந்த நோய்க்கும் எவ்வளவு தொடர்பு என்று மருத்துவர்கள் விவாதிக்கலாம். ஆனால் வளையத்தில் இருந்து ஒருவரைச் சரியான நேரத்தில் இறக்க வேண்டும் என்பதில் விவாதம் இல்லை. அந்தக் காலத்தின் பெருமையை எடுத்துக்கொள்ளும்போது அதன் விலைச்சீட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம்ம ஊர் சாம்பியன்களை யாரோடு ஒப்பிடுவது?

2021-ல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது, ஊரெங்கும் இன்னொரு விவாதம் ஓடியது. டான்சிங் ரோஸ் நிஜமாக இருந்திருந்தால் இன்று என்ன செய்திருப்பார்? படம் கற்பனை. ஆனால் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற பரம்பரைகள் வட சென்னையில் நிஜமாக இருந்தவை. கித்தேரி முத்து போன்ற பெயர்களை அங்கே வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். பேட்டைக்கு ஒரு வீரர், சண்டைக்கு ஒரு கூட்டம் என்று ரோஷமாக நடந்த ஆட்டம் அது.

அவர்களில் ஒருவரை எடுத்து, "இன்றைய தேசிய சாம்பியன் முன்னால் எப்படி நிற்பார்?" என்று கேட்டால் என்ன கிடைக்கும்? லூயிஸ் – கான் சண்டைக்கு ரவுண்டு ரவுண்டாக ஸ்கோர் கார்டு இருக்கிறது. படச்சுருள் இருக்கிறது. அன்று காலை இருவரும் எத்தனை கிலோ என்பதுகூட இருக்கிறது. வட சென்னையின் வீரர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது வாய்ச்சொல். யார் யாரை எந்த ஆண்டில், எத்தனையாவது ரவுண்டில் வென்றார் என்பது, சொல்பவர் எந்தப் பரம்பரை என்பதைப் பொறுத்து மாறும். 1995-ல் அர்ஜுனா விருது பெற்ற சென்னையின் வி. தேவராஜன் போன்ற பிற்காலத்தவர்களின் விவரங்கள் ஓரளவு பதிவில் உண்டு. அவருக்கு முந்தைய தலைமுறைகள் நினைவில் மட்டும் இருக்கின்றன. அந்த நினைவு உள்ளவர்களுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயது.

அலியா, உசிக்கா என்று நம்மால் மணிக்கணக்கில் பேச முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அவர்களுடைய ஊர்க்காரர்கள் எழுதி வைத்தார்கள், படம் பிடித்தார்கள். நம் வீரர்களைப் பற்றி அப்படிச் சண்டை போடக்கூட நம்மிடம் ஆதாரம் இல்லை. யார் பெரிய ஆள் என்ற கேள்வியில் தோற்பது ஒரு தோல்விதான். கேள்விக்கே தகுதி இல்லாமல் போவது அதைவிடப் பெரிய தோல்வி.

இதைச் சரிசெய்யப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. கையில் செல்போன் இருக்கிற தம்பிகள் போதும். வட சென்னையில் தாத்தா யாராவது சண்டை போட்டவர் என்றால், உட்காரவைத்துப் பேசவிட்டு ரெக்கார்டு செய்யலாம். பரணில் கிடக்கும் பழைய போஸ்டர், நோட்டீஸ், போட்டோ இருந்தால் ஸ்கேன் செய்து வைக்கலாம். மாவட்ட அளவில் இன்று நடக்கும் போட்டிகளுக்கும் இதே கவனம் வேண்டும். ரீல்ஸில் கடைசி பத்து விநாடி நாக்-அவுட் மட்டும் போதாது. தேதி, இடம், இருவர் எடை, எத்தனை ரவுண்டு, எத்தனை புள்ளி என்ற ஐந்து விவரங்களைக் கீழே எழுதிப் போட்டால், முப்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவருக்கு அது பயன்படும்.

உத்திரமேரூர் சபையார் செய்ததும் அதுதான். 919-ல் ஒரு விதி போட்டார்கள்; கல்லில் வெட்டினார்கள். இரண்டு ஆண்டில் அதை மாற்றினார்கள். பழையதை அழிக்காமல் மாற்றத்தையும் வெட்டினார்கள். அதனால்தான் ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும், 32 வயதுக்காரர் எந்த ஆண்டில் தகுதியானவர், 65 வயதுக்காரர் எந்த ஆண்டில் தகுதியானவர் என்று நம்மால் சொல்ல முடிகிறது.

டீக்கடையில் அந்த இருவரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. பெரியப்பா, 1980-ல் நேரு ஸ்டேடியத்தில் அலியைப் பார்த்த கதையை மறுபடி ஆரம்பிக்கிறார். தம்பி செய்ய வேண்டியது ஒன்றுதான்: உசிக் வீடியோவை நிறுத்திவிட்டு, ரெக்கார்டரை ஆன் செய்வது.